மணலில் திணறும் பழைய ஜீப்: 40,000 ரூபாய்க்குள் எதை மாற்றலாம்?

மூக்கையூர் வள்ளக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் மஹிந்திரா எம்எம் 540 ஜீப் ஒன்று இருக்கிறது. 2112 சிசி பெஜோ டீசல் எஞ்சினும் நான்கு கியரும் நான்கு சக்கர இழுவையும் கொண்ட அந்த வண்டியை என் தகப்பனார் ஆறு ஆண்டுகளுக்கு முன் வேறொருவரிடமிருந்து வாங்கினார். வள்ளத்தைக் கயிறு கட்டிக் கரையேற்றுவதும், ஐஸ் பெட்டிகளை நீரோரத்திலிருந்து தார்ச்சாலைவரை கொண்டுவருவதும்தான் அதன் வேலை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் கரை மணல் மாவுபோல இளகிவிடும்போது வண்டி திணறுகிறது. லீவரைப் போட்டு முன் ஆக்சிலைச் சேர்த்து, முன்சக்கரங்களையும் இழுக்கவைத்தால் இழுவை கூடவேண்டும். ஆனால் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதைப்போல வண்டி கனத்துப்போகிறது. தார்ச்சாலைக்கு வந்தபின் அந்த லீவர் எளிதில் விடுபடுவதில்லை. சில அடி பின்னால் எடுத்தால்தான் விடுகிறது.

ஒரு பட்டறையில் எஞ்சினை 2523 சிசி டிஐ (டீசலை நேராக உள்ளே பீய்ச்சும்) எஞ்சினாக மாற்றச் சொன்னார்கள். இன்னொரு பட்டறையில் ஐந்து கியர் பெட்டியைப் போடச் சொன்னார்கள். 6.00-16 டயர்களை 7.00-16 ஆக்கலாமா என்பது என்னுடைய யோசனை. கையில் இருப்பது 40,000 ரூபாய். மீன்பாடு குறைந்த காலத்தில் சேர்த்த பணம் என்பதால் ஒருமுறைதான் செலவழிக்க முடியும். எதிலிருந்து தொடங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இராமநாதபுரம் பட்டறை:

தம்பி, பணத்தை எடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். நேரான தார்ச்சாலையில் முன் ஆக்சிலைச் சேர்த்து முப்பது நாற்பது அடி மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வளைவில் இறுக்கம் வருவது இவ்வகை வண்டிகள் எல்லாவற்றுக்கும் உள்ள இயல்பு. நேர்ச்சாலையிலேயே இறுகினால், முன் டிஃபரன்ஷியலும் பின் டிஃபரன்ஷியலும் ஒரே விகிதத்தில் இல்லை என்று நான் சந்தேகிப்பேன். டிஃபரன்ஷியல் என்பது ஆக்சிலின் நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டி; சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, அதற்குச் சுழற்சியைக் கொண்டுவரும் ஷாஃப்ட் எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்பதே விகிதம். இந்த வண்டிகளில் 5.38, 4.88, 4.27 என்று பல விகிதங்கள் புழக்கத்தில் உள்ளன. சாலையில் வேகம் வேண்டும் என்று பின்பக்கத்தை மட்டும் மாற்றிவிட்டு, முன்பக்கத்தைத் தொடாமல் விற்றுவிட்ட வண்டிகள் என் பட்டறைக்கே வந்திருக்கின்றன.

விகிதத்தைப் பெட்டியைத் திறக்காமலே கண்டுபிடிக்கலாம். முன் ஆக்சில் லீவரை விடுவித்து, கியரை நியூட்ரலில் வைத்து, மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்துவிட்டு, பின்சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். கை பிரேக், எஞ்சின் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் உள்ள டிரம்மில் பிடிக்கும் வண்டியாக இருந்தால் அதையும் விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் ஷாஃப்ட் சுற்றாது. அதனால்தான் கட்டையை முதலில் சொன்னேன். ஆக்சிலுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுக்கொண்டு, தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். தரையிலிருக்கும் சக்கரம் அசையாதபோது டிஃபரன்ஷியல் பாதியைத்தான் எடுத்துக்கொள்ளும் என்பதால், ஷாஃப்ட் எத்தனை சுற்றுச் சுற்றியதோ அதுவே விகிதம். முன்பக்கமும் இதேபோல எண்ணுங்கள். முன்சக்கரத்தை ஆக்சிலோடு இணைக்கும் லாக் ஹப்பில் இருந்தால் அதைப் பூட்டிவிட்டு எண்ண வேண்டும். நான்கு டயர்களின் சுற்றளவையும் ஒரு நூல் கயிற்றால் அளந்துவிடுங்கள்.

எஞ்சின் மாற்றத்தை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அது 40,000 ரூபாயோடு நிற்காது. மவுண்டிங், ரேடியேட்டர், கிளட்ச் என்று ஒன்று மாற்றி ஒன்று வரும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி பதிவு அலுவலகத்தின் அனுமதியும் வேண்டும். ஐந்தாம் கியர் தார்ச்சாலைக்கு உதவும். மணலில் அதை யாரும் போடுவதில்லை.

சத்திரத்து ஓட்டுநர்:

பட்டறைக்காரர் சொன்னதோடு ஓட்டுநர் பக்கத்துச் செய்தியையும் சேர்க்க விரும்புகிறேன். 2017-இல் அரிச்சல்முனைவரை சாலை திறக்கப்படும் முன், முகுந்தராயர் சத்திரத்திலிருந்து பழைய தனுஷ்கோடிக்கு மணலிலும் உப்பங்கழித் தண்ணீரிலும் பல ஆண்டுகள் வண்டி ஓட்டியவன் நான். அன்றைக்கு எங்களிடம் பெரிய எஞ்சின் இருந்ததில்லை. மணலில் இறங்கும் முன் காற்றைக் குறைப்போம். டியூப் டயராக இருந்தால் 15 பிஎஸ்ஐக்குக் கீழே போகாதீர்கள். அதற்கும் குறைந்தால் டயர் ரிம்மில் நழுவி, டியூபின் வால்வைப் பிய்த்துவிடும். டிரான்ஸ்ஃபர் கேஸை லோவில் (வேகம் குறைந்து இழுவை கூடும் நிலையில்) போட்டு இரண்டாம் கியரில் கிளம்புங்கள். முதல் கியரில் சக்கரம் சட்டென்று சுழன்று குழி தோண்டும். தோண்டிய குழியில் ஆக்சில் உட்கார்ந்துவிட்டால் எந்த எஞ்சினாலும் எடுக்க முடியாது.

அடுத்தது உப்புத் தண்ணீர். ஓடிச் சூடேறிய ஆக்சிலைத் தண்ணீரில் இறக்கினால் உள்ளே காற்று சுருங்கி, பிரீதர் என்னும் காற்றுத் துளை வழியாகவும் தேய்ந்த ஆயில் சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சும். இரண்டு ஆக்சில்களின் பிரீதருக்கும் ரப்பர் குழாய் மாட்டி, பானெட் உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டிவிடுங்கள். இதைவிட மலிவான மேம்பாடு இந்தக் கரையில் வேறு கிடையாது. ஷாஃப்ட் முனைகளில் உள்ள கிராஸ் இணைப்புகளுக்குக் கடலிலிருந்து திரும்பிய அன்றே கிரீஸ் அடியுங்கள்; மறுநாள் என்று தள்ளிப்போட்டால் உப்பு முந்திக்கொள்ளும்.

7.00-16 டயர் பார்க்க அழகாக இருக்கும், வண்டியும் சற்று உயரும். ஆனால் அதன் விட்டம் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் என்பதால் அந்த அளவுக்கு இழுவை குறையும். திணறுகிற வண்டிக்கு அதை முதலில் போடக்கூடாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: இராவணன் மீசைப் புல் படர்ந்த மணல்மேட்டின் மேல் வண்டியை ஏற்றாதீர்கள். அந்தப் புல் போனால் மேடும் போகும், ஆமை முட்டையிடும் இடமும் போகும்.

மூக்கையூர் வள்ளக்காரன்:

ஐயா, சொன்னபடியே எண்ணினேன். முன்பக்கம் ஐந்து சுற்றுக்குச் சற்றுக் குறைவு. பின்பக்கம் நான்கேகால் சுற்று. இரண்டு முறை எண்ணியும் அதேதான் வந்தது. டயர்களின் சுற்றளவில் பெரிய வேறுபாடு இல்லை. நேர்ச்சாலையில் முப்பது அடி போவதற்குள் வண்டி இறுகிவிட்டது.

இராமநாதபுரம் பட்டறை:

அப்படியானால் முன்னால் 4.88, பின்னால் 4.27. ஒன்றை ஒன்றால் வகுத்தால் 1.14 வருகிறது. முன்சக்கரம் 100 மீட்டர் உருளும் நேரத்தில் பின்சக்கரம் 114 மீட்டர் உருளப் பார்க்கிறது. மணலில் அந்த 14 மீட்டரைச் சறுக்கியே தீர்த்துக்கொள்கிறது. தாரில் சறுக்க இடமில்லாததால் ஷாஃப்ட்டும் டிரான்ஸ்ஃபர் கேஸ் பற்களும் முறுக்கேறி நிற்கின்றன. ஆறு ஆண்டுகளாக உங்கள் வண்டி தன்னோடு தானே இழுபறி செய்திருக்கிறது.

பின்பக்கத்துக்கு 4.88 கிரவுன், பினியன் (டிஃபரன்ஷியலின் பெரிய, சிறிய பல்சக்கரங்கள்) போடுங்கள். மொத்த ஆக்சிலையும் வாங்க வேண்டியதில்லை. 39 பல் கிரவுனும் 8 பல் பினியனும் ஒரே ஜோடியாக இருக்க வேண்டும். இரண்டும் சேர்த்தே தேய்த்துப் பொருத்தப்பட்டவை என்பதால் இரண்டிலும் ஒரே எண் பொறித்திருக்கும். மதுரையில் பழைய சாமானாக வாங்கினாலும் அந்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள். பேரிங், ஆயில் சீல் இரண்டும் புதிதாகவே இருக்கட்டும். பொருத்தும் ஆளிடம் பல் இடைவெளியை அளக்கும் டயல் கேஜ் இருக்கிறதா என்று கேளுங்கள். பற்களில் மை தடவிச் சுற்றிப் பார்த்து, பதிவு பல்லின் நடுவில் விழும்வரை சிம் எனும் மெல்லிய தகடுகளை மாற்றி மாற்றிப் போடும் பொறுமை அவருக்கு வேண்டும். பழைய சிம்மையே திரும்பப் போட்டு மூடிவிட்டால் சில மாதங்களில் ஊளைச் சத்தம் கேட்கும். டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5 தரத்து 90 எண் எண்ணெய் வேண்டும். அதையே கியர் பெட்டியிலும் ஊற்றிவிடாதீர்கள், அதிலுள்ள சில சேர்மானங்கள் பித்தளை வளையங்களுக்கு ஆகாது.

வேகம் குறையும் என்பதை மறைக்க விரும்பவில்லை. உங்கள் டயரில் எஞ்சின் 2500 சுற்றில் ஓடும்போது நான்காம் கியரில் இப்போது சுமார் 77 கிலோமீட்டர் போகும். மாற்றியபின் சுமார் 68.

கீழக்கரைத் தோப்புக்காரர்:

பட்டறைக் காக்கா (அண்ணன்) சொல்வதில் ஒரே ஓர் இடத்தில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. இதே சிக்கல் என் வண்டியிலும் இருந்தது. நான் முன்பக்கத்தையும் 4.27 ஆக்கினேன். தோப்பிலிருந்து தேங்காய் ஏற்றிக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் தினமும் ஓடுகிறவனுக்கு அந்த 9 கிலோமீட்டர் பெரிது. தோப்புக்குள் மணல் வந்தால் லோ இருக்கிறது; அது 2.46 மடங்கு இழுவை கொடுக்கும்போது 4.27 ஒரு குறையாகத் தெரியவில்லை.

இராமநாதபுரம் பட்டறை:

கீழக்கரைக் காக்கா சொல்வது அவருடைய ஓட்டத்துக்குப் பொருந்தும். ஆனால் தம்பியின் வண்டி வள்ளத்தை இழுக்கிறது. நின்ற நிலையிலிருந்து ஈரமரத்தின் கனத்தை அசைக்கிற வேலைக்கு, கிளட்ச்சைக் கருகவிடாமல் காப்பது ஆக்சில் விகிதம்தான். லோவிலும் அந்த 14 சதவீதம் கூடவே இருக்கும்.

மூக்கையூர் வள்ளக்காரன்:

ஐந்து வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். 4.88 ஜோடி கிடைத்தது. பிரித்தபோது பின்பக்கத்தில் 47 பல்லும் 11 பல்லும் இருந்ததை என் தகப்பனாரே எண்ணிப் பார்த்தார். முன் ஆக்சிலையும் திறக்கச் சொன்னேன். தண்ணீர் புகுந்து எண்ணெய் மோர்போல வெளுத்திருந்தது. சீல்களையும் மாற்றி, இரண்டு ஆக்சில்களுக்கும் பிரீதர் குழாய் போட்டாயிற்று. கூலியோடு சேர்த்தும் கையிலிருந்த பணத்தில் பாதி மிச்சம். நேற்று விடியற்காலை காற்றை 18 பிஎஸ்ஐக்கு இறக்கி, லோவில் இரண்டாம் கியரில் வள்ளத்தை இழுத்தேன். வண்டி ஒரே சீராக ஏறியது. சாலைக்கு வந்ததும் லீவர் இரண்டு விரலில் விடுபட்டது.

மிச்சப் பணத்தில் கிளட்ச் பிளேட்டைப் பார்க்கலாமா?

இராமநாதபுரம் பட்டறை:

பாருங்கள் தம்பி, ஆனால் 500 கிலோமீட்டர் ஓடியபிறகு. அப்போது பின் டிஃபரன்ஷியலின் எண்ணெயை ஒருமுறை வடித்து, அதில் ஒரு காந்தத்தை விட்டுப் பாருங்கள். மெல்லிய சாம்பல் பூச்சு மட்டும் ஒட்டினால் புதுப் பற்கள் பழகிக்கொண்டன என்று பொருள். துகள் துகளாக ஒட்டினால் கிளட்ச்சைத் தொடாமல் வண்டியை நேராக என்னிடம் கொண்டுவாருங்கள்.