படர்சவ்வா, மேற்படலமா?

வணக்கம்.

இந்த உரையாடலில் கேட்கப்பட்டது ஒரே ஒரு சொல்தான். மாகுலா (கூர்மையான பார்வை தரும் விழித்திரை நடுப்பகுதி) நோய்களில் விழித்திரையின் பரப்பில் வளர்ந்து, அறுவையில் உரித்தெடுத்து நுண்ணோக்கியில் பார்க்கப்படும் அந்தச் சவ்வை (epiretinal membrane) தமிழில் எப்படிச் சொல்வது? 'விழித்திரை மேற்படலம்' என்று ஒருவர் முன்மொழிய, இரண்டு பேர் வழிமொழிந்தும் விட்டார்கள். நான் கொஞ்சம் முட்டுக்கட்டை போடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் கதை. முன்பு ஒரு திசுநோயியல் குறிப்பை மொழிபெயர்த்தபோது, அதில் வந்த இரண்டு வேறு சவ்வுகளுக்கும் 'விழித்திரைச் சவ்வு' என்றே போட்டுவைத்தேன். பாதி வரைக்கும் எந்தச் சிக்கலும் இல்லை. அப்புறம் ஓரிடத்தில் "விழித்திரைச் சவ்வு விழித்திரைச் சவ்வோடு ஒட்டியிருந்தது" என்று ஒரு வரி வந்து நின்றது. மெய்ப்புப் பார்த்தவர் திட்டவில்லை, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார்.

அந்த இரண்டும் என்னென்ன என்று பார்த்துவிட்டால் பெயர் வைப்பது எளிதாகும்.

ஒன்று, எல்லோருக்கும் பிறவியிலேயே இருப்பது. விழித்திரையின் உள்விளிம்பில், கண்ணின் உள்ளே நிறைந்திருக்கும் விட்ரியஸ் கூழ்மத்தைத் தொட்டுக்கொண்டு இருக்கிறது. விழித்திரையைத் தாங்கி நிற்கும் முல்லர் உயிரணுக்களின் அடித்தளச் சவ்வு அது. நான்காம் வகைக் கொலாஜன், லாமினின் என்ற புரதங்கள் சேர்ந்த வலை. அதற்குள் உயிரணு கிடையாது. குறுக்கே வெட்டிப் பார்த்தால் விட்ரியஸ் பக்கம் வழவழவென்று இருக்கும். விழித்திரைப் பக்கம் முல்லர் உயிரணுக்களின் கால்கள் பதிந்த மேடுபள்ளம். எந்தப் பக்கம் எது என்று ஆய்வகத்தில் கண்டுபிடிப்பதே இதை வைத்துத்தான். மாகுலாவின் நடுக்குழியில் மிகவும் மெலிந்தும், குழியைச் சுற்றித் தடித்தும் இருக்கும். தடித்த இடத்திலும் சில மைக்ரோமீட்டர்தான். இதற்கு 'உள் எல்லைச் சவ்வு' என்ற பெயரை யாரும் மறுக்கவில்லை. பேச்சில் 'எல்லைச் சவ்வு' போதும்.

மற்றொன்று, பின்னால் வந்து சேர்வது. கண் மருத்துவர் இவானாஃப் 1865இலேயே இதை விவரித்திருக்கிறார். வயதாகும்போது விட்ரியஸ் விழித்திரையைவிட்டு விலகும். அப்போது கொஞ்சம் கொலாஜனும் சில உயிரணுக்களும் பரப்பிலேயே தங்கிப்போகின்றன. கிளியா உயிரணுக்கள் (நரம்புத்திசுவின் துணை உயிரணுக்கள்), ஹயலோசைட்டுகள் (விட்ரியஸில் வாழ்பவை), ஃபைப்ரோபிளாஸ்டுகள் (நார்த்திசுவை உண்டாக்குபவை), விழித்திரையில் கிழிசல் இருந்திருந்தால் நிறமி உயிரணுக்களும்கூட, எல்லைச் சவ்வின்மேல் பரவுகின்றன. அவற்றில் சில மயோஃபைப்ரோபிளாஸ்டாக மாறி, தசையைப் போல இழுக்கத் தொடங்கும். விழித்திரை சுருக்கம் விழுகிறது. நேர்க்கோடு நெளிந்து தெரிகிறது என்று நோயாளி சொல்வது இதனால்தான்.

இவை இரண்டும் ஒரே துணுக்கில் சேர்ந்தே வரும் என்பதுதான் சிக்கல். குப்பியில் வந்து சேரும் மாதிரியைப் பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும்: திரவத்தில் சுருண்டு மிதக்கும் ஒரு இழை, சாயம் ஏறாவிட்டால் கண்ணுக்கே தட்டுப்படாது. அறுவையில் பிரில்லியன்ட் புளூ ஜி சாயத்தை விடுவார்கள். எல்லைச் சவ்வு அதைப் பிடித்துக்கொண்டு நீலமாகும்; மேலே வளர்ந்தது பிடிக்காது. நீலத்துக்கு நடுவே நிறமற்ற தீவு போலத் தெரிவதுதான் நோய்த்திசு. சாயத்துக்குத் தெரிகிற வேறுபாடு நம் சொல்லில் தெரியாமல் போனால் மாணவர்கள் என்ன செய்வார்கள்?

இப்போது 'மேற்படலம்'. எனக்கு இரண்டு தடைகள். கண்ணில் ஏற்கெனவே படலங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன: விழிவெண்படலம், கருவிழிப்படலம், இமையிணைப்படலம். எல்லாமே இயல்பான உறுப்புகள். அந்த வரிசையில் ஒரு நோய்த்திசுவை உட்கார வைத்தால், அதுவும் கண்ணில் இருக்கவேண்டிய ஒன்று என்றே படிப்பவர் நினைப்பார். இரண்டாவது 'மேல்'. கண் மருத்துவத்தில் மேல் என்றால் புருவப் பக்கம். 'விழித்திரை மேற்படலம்' என்று படித்ததும் விழித்திரையின் மேல்பாதியில் இருப்பது என்றுதான் எனக்கே முதலில் தோன்றியது. இந்தச் சவ்வோ விழித்திரையின் உட்பரப்பில், கண்ணின் நடுவைப் பார்த்தபடி இருக்கிறது.

என் பரிந்துரை 'படர்சவ்வு'. தோல்நோய் ஒன்றைப் படர்தாமரை என்று நம்மவர்கள் எப்போதோ பெயரிட்டுவிட்டார்கள். பரப்பில் ஊர்ந்து பரவும் நோய்க்குப் 'படர்' புதிதல்ல. அது வினைத்தொகை என்பதும் வசதி. படர்ந்த, படர்கின்ற, படரும் மூன்றும் அதில் அடங்கிவிடும். உரித்த பிறகும் மீந்த உயிரணுக்களிலிருந்து மறுபடி வளர்வது உண்டு (எல்லைச் சவ்வையும் சேர்த்து உரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்), அதனால் காலம் காட்டாத பெயரே இதற்குப் பொருத்தம். ஒற்று பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும்: வினைத்தொகையில் வல்லினம் மிகாது, ஆகவே 'படர்ச்சவ்வு' அல்ல. சுடுகாடு, எறிகணை மாதிரி. 'எல்லைச் சவ்வு' என்பதில் ச் வரும், 'படர்சவ்வு' என்பதில் வராது. கேள்விக்குறி வாங்கிய என் வரி இப்போது "படர்சவ்வு எல்லைச் சவ்வோடு நேரடியாக ஒட்டியிருந்தது, இடையில் விட்ரியஸ் கொலாஜன் இல்லை" என்று ஆகிவிட்டது. இரண்டாம் பாதியும் முக்கியம். உயிரணுக்கள் நேரே எல்லைச் சவ்வின்மேல் உட்கார்ந்திருக்கின்றனவா, நடுவில் கொலாஜன் அடுக்கு இருக்கிறதா என்று பிரித்துச் சொல்வது எலக்ட்ரான் நுண்ணோக்கிதான்.

"படர்வதா கேடு? இழுப்பதல்லவா கேடு! இழுசவ்வு என்று வைக்கலாமே" என்று நேற்று அம்மா ஒருவர் எழுதியிருந்தார். நல்ல கேள்வி, ஒரு நாள் யோசித்தேன். ஆனால் எல்லாப் படர்சவ்வும் இழுப்பதில்லை. தொடக்கத்தில் செலஃபேன் தாள் போலப் பளபளத்துக்கொண்டு சும்மா கிடப்பவையும் உண்டு. ஆகவே பொதுப்பெயர் படர்சவ்வு. சுருக்கம் விழுந்த நிலைக்கு 'மாகுலாச் சுருக்கம்'. அம்மாவின் கேள்வி வேறோர் இடத்தில் கைகொடுக்கிறது. மாகுலாவில் பாதியளவே ஆழமுள்ள துளைகளின் ஓரத்தில் தடித்த, சீரான ஒரு திசு வளரும். அது அவ்வளவாக இழுப்பதில்லை, சுருங்கும் உயிரணுக்கள் அதில் குறைவு. 2020இல் வல்லுநர்கள் கூடிச் சொற்பொருளை வரையறுத்தபோது அதற்குச் சவ்வு என்ற பெயரே தரவில்லை, வெறும் 'பெருக்கம்' என்ற பொருளில்தான் சொன்னார்கள். நாமும் அதைப் 'படர்திசு' என்று தள்ளி வைக்கலாம். 'இழுசவ்வு' என்று வைத்திருந்தால் இந்த இணை கிடைத்திருக்காது.

செய்முறைச் சொற்களில் ஒன்றிரண்டு. சவ்வை வெட்டாமல் முழுசாகக் கண்ணாடிச் சில்லில் விரித்துப் பார்ப்பதற்கு 'முழுவிரிப்பு' சரியாக இருக்கிறது. உயிரணுக்கள் எங்கே கூட்டமாக, எங்கே தனித்தனியாக என்பது அதில்தான் தெரியும். மெல்லிய வெட்டில் அகப்பட்ட இடம் மட்டுமே தெரியும்.

immunohistochemistry என்பதற்குச் சொல்லப்படும் 'நோயெதிர்ப்புத் திசுவேதியியல்' மட்டும் எனக்கு உறுத்துகிறது. அங்கே நோயெதிர்ப்பை யாரும் ஆராயவில்லை. கிளியாவையோ, சுருங்கும் உயிரணுக்களில் இருக்கும் ஆல்பா மென்தசை ஆக்டின் என்ற புரதத்தையோ அடையாளம் காண எதிர்ப்பொருளைத் தூண்டிலாகப் பயன்படுத்துகிறார்கள், அவ்வளவுதான். 'எதிர்ப்பொருள் சாயமேற்றல்' என்று எழுதிப் பார்த்தேன். வினையாக நன்றாக வருகிறது, துறைப் பெயராக நொண்டுகிறது. யாராவது திருத்துங்கள்.

மாகுலாவை 'மாகுலா' என்றே விட்டிருக்கிறேன். 'மஞ்சள் புள்ளி' நேரான பெயர்தான், ஆனால் "உங்கள் கண்ணில் மஞ்சள் புள்ளி இருக்கிறது" என்று ஒரு நோயாளியிடம் சொல்லிப் பாருங்கள், புதிதாக ஏதோ வந்துவிட்டது என்று பதறிப்போவார். அதற்குத் தனி உரையாடல் தொடங்கலாம்.

அன்புடன்.