கடல் தொட்டிக்கு உப்புத் தண்ணீர் கலக்கும்போது: நம் அனுபவங்கள்

பெரம்பூரிலிருந்து:

கடல் மீன் தொட்டி வைக்கப்போகிறேன் என்று வருபவர்கள் எல்லாரும் க்ளவுன் மீனைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். நான் தண்ணீர் எதில், எப்படிக் கலக்கப்போகிறீர்கள் என்று கேட்பேன். தொட்டி பிழைப்பதும் பிழைக்காததும் பெரும்பாலும் அந்த டிரம்மிலேயே முடிவாகிவிடுகிறது.

சித்தப்பா மகன் வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். தம்பி முதலில் கடல் தொட்டிக்கென்றே விற்கும் பாக்கெட் உப்பு மொத்தத்தையும் காலி டிரம்மில் கொட்டிவிட்டு, அதன் மேல் ஆர்.ஓ. குழாயைத் திறந்துவிட்டிருந்தான். நான் போனபோது தண்ணீர் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெளுத்திருந்தது. ராத்திரி முழுக்க பவர்ஹெட் (தண்ணீரைச் சுழற்றும் சின்ன மோட்டார்) ஓடியும் தெளியவில்லை. டிரம்மின் அடியில் கையை விட்டுத் தடவினால் நறநறவென்று வெள்ளைப் பொடி, விரலில் தேய்த்தாலும் கரையாதது. உப்பு அளவு மட்டும் பார்த்தால் 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு), எல்லாம் சரி. கால்சியமும் கேஹெச்சும் (தண்ணீரில் உள்ள கார்பனேட் அளவு) சோதித்தபோதுதான் இரண்டுமே நன்றாகக் குறைந்திருப்பது தெரிந்தது.

காரணம் இதுதான். கொஞ்சம் தண்ணீர், குவியலாக உப்பு என்று இருக்கும்போது அங்கே கரைசல் மிதமிஞ்சிக் கெட்டியாகிறது. கால்சியமும் கார்பனேட்டும் ஒன்றோடொன்று சேர்ந்து சுண்ணாம்பாகப் படிந்துவிடும். பிறகு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அது திரும்பக் கரையாது. உப்பு அளக்கும் ரீஃபிராக்டோமீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், எது போயிற்று என்று காட்டாது. அதனால் எப்போதும் தண்ணீர் முதலில், உப்பு அப்புறம். பவர்ஹெட் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு குவளை போட்டு, கரைந்த பிறகு அடுத்த குவளை. டிரம்மைக் கழுவ வினிகர் போதும், படிவு நுரைத்துக்கொண்டு போய்விடும்.

அளவு: 100 லிட்டருக்கு 3.5 முதல் 3.8 கிலோ வரை ஆகும். சென்னைக் காற்றில் திறந்து வைத்த பாக்கெட் ஈரம் இழுத்துக்கொள்ளும், அப்போது எடை பொய் சொல்லும். முக்கால் பங்கு உப்பைப் போட்டு, கரைந்த பிறகு அளந்து, மீதியைச் சேருங்கள். 33 காட்டினால் 100 லிட்டருக்கு 200 கிராமுக்குச் சற்று மேல் தேவைப்படும். 38க்குப் போய்விட்டால் 100 லிட்டரில் 8 லிட்டரை எடுத்துவிட்டு அதே அளவு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றினால் 35க்கு வந்துவிடும். பாக்கெட்டை எடுக்கும் முன் ஒருமுறை நன்றாக உருட்டிவிடுங்கள். பல உப்புகளின் கலவை அது, நுண்ணிய தூள் அடியில் தங்கிவிடும்.

அளக்கும் கருவியில் மட்டும் காசு பார்க்காதீர்கள். முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் ஒரு சின்னக் காற்றுக்குமிழி முள்ளில் ஒட்டினாலும் அளவு கூடுதலாகக் காட்டும். ரீஃபிராக்டோமீட்டரை நல்ல தண்ணீரில் சுழியத்துக்கு வைத்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். 35 பிபிடி திட்டக் கரைசலில் (உப்பு அளவு முன்பே தெரிந்த கரைசல்) சரிபார்ப்பதுதான் நம்பகமானது, நாம் அளக்கப்போவது அந்த இடத்தில்தானே.

கோயம்புத்தூரிலிருந்து:

அண்ணா, ஆர்.ஓ. என்றதும் வீட்டுக் குடிநீர் மெஷினிலிருந்தே பிடித்துவிடுகிறார்கள், அதையும் சொல்லியாக வேண்டும். ருசிக்காக டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) கன்ட்ரோலர் வைத்த மெஷினில் வடிகட்டாத தண்ணீரும் கொஞ்சம் கலந்துதான் வரும். அதைவிட ஆபத்து, உடம்புக்கு நல்லது என்று இப்போது வரும் தாமிரக் கேட்ரிட்ஜ். இறால், நத்தை, பவளம் எதற்கும் தாமிரம் ஆகாது, மிகக் குறைந்த அளவிலேயே கொன்றுவிடும். என் நண்பர் வீட்டில் மீன்கள் நன்றாக நீந்திக்கொண்டிருந்தன, விட்ட இறால்கள் மட்டும் பிழைக்கவே இல்லை. தாமிர டெஸ்ட் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. மெஷினின் வடிகட்டும் மெம்பிரேனிலிருந்து வெளியே வரும் இடத்திலேயே தண்ணீரைப் பிரித்து, மிச்சமுள்ள உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் வழியாக விட்டு, டிடிஎஸ் மீட்டர் 0 காட்டிய பிறகுதான் இப்போது உப்புப் போடுகிறார்.

தூத்துக்குடியிலிருந்து:

எங்கள் ஊரில் எல்லாரும் கேட்கும் கேள்வி, உப்பளம் பக்கத்திலேயே இருக்கிறதே, அந்தக் கல் உப்பைப் போட்டால் என்ன? உப்பு எடுக்கிற முறையைப் பார்த்தாலே பதில் கிடைத்துவிடும். கடல் தண்ணீர் வற்ற வற்ற முதலில் சுண்ணாம்பு படியும், அடுத்து ஜிப்சம், அதற்குப் பிறகுதான் பாத்தியில் உப்பு விளையும். மெக்னீசியம் கடைசியில் மிஞ்சும் கசப்புத் தண்ணீரோடு போய்விடும். ஆக, கைக்கு வருவது பெரும்பாலும் சோடியம் குளோரைடு மட்டும். கடலில் லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்கு மேல் கால்சியமும் 1,300 மில்லிகிராம் அளவில் மெக்னீசியமும் இருக்கிறது. அந்த இரண்டும் இல்லாமல் பவளம் எதை வைத்து வளரும்?

நான் கடல் தண்ணீரையே எடுக்கிறேன். துறைமுகத்துப் பக்கமோ கரையோரமோ எடுப்பதில்லை, மீன்பிடிக்கப் போகும் அண்ணன்மார் வெளிக்கடலிலிருந்து கேனில் கொண்டுவந்து தருவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு ஆற்று வெள்ளம் கலந்து உப்பு இறங்கியிருக்கும், கண்டிப்பாக அளந்து பார்க்க வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது நான் கடல் தண்ணீரைத் தொடவே இல்லை, பாக்கெட் உப்புதான்.

மறுபடி பெரம்பூரிலிருந்து:

தாமிரக் கேட்ரிட்ஜ் பற்றிச் சொன்னதற்கு நன்றி தம்பி, இனி புதிதாக வருபவர்களிடம் இதையும் கேட்கிறேன். இன்னும் ஒன்று: தொட்டியில் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. குறைந்த மட்டத்தை நிரப்ப உப்புத் தண்ணீர் ஊற்றினால் நாளுக்கு நாள் உப்பு ஏறும். அதற்கு வெறும் ஆர்.ஓ. தண்ணீர்தான். கலக்கி வைத்த உப்புத் தண்ணீர் வாராந்திர மாற்றத்துக்கு மட்டும், அதுவும் தொட்டியின் சூட்டுக்கு வந்த பிறகு.