ஷெர்ரி இரண்டு பாட்டில்: கிருஷ்ணகிரி வெயிலுக்குத் தாங்குமா?

பர்கூர்க்காரன்:
மச்சான் ஸ்பெயினிலிருந்து இரண்டு ஷெர்ரி (ஆல்கஹால் சேர்த்த ஒயின்) கொண்டுவந்தார்: ஃபினோ ஒன்று, பெட்ரோ ஹிமெனெஸ் ஒன்று. முதலாவது வைக்கோல் நிறம், துளி இனிப்பில்லை. அடுத்தது கருப்பட்டிப் பாகேதான். இரண்டிலும் ஷெர்ரிக்குப் பேர்போன ஊரான ஹெரெஸ் என்றே போட்டிருக்கிறது. ஏன் இவ்வளவு வித்தியாசம்? மதியத்தில் வீடு அனலாய்க் கொதிக்கிறது, எதை ஃப்ரிட்ஜில் வைப்பது?

அதியமான்கோட்டை:
திராட்சையே வேறு. ஃபினோ, பலோமினோ திராட்சையில் செய்வது. புளித்து முடிந்த ஒயினில் ஆல்கஹால் சேர்த்து 15 சதவீதத்துக்குக் கொண்டுவருவார்கள். 600 லிட்டர் பீப்பாயை விளிம்புவரை நிரப்பாமல் கொஞ்சம் காலியிடம் விடுவார்கள். அங்கே ஈஸ்ட் ஆடைபோலப் படரும். அதற்குப் பெயர் ஃப்ளோர். காற்று படாமல் ஒயினைக் காப்பது அதுதான். ஆல்கஹாலை 17க்கு ஏற்றினால் ஃப்ளோர் பிழைக்காது. காற்றுபட்டுப் பழுப்பேறி ஒலோரோசோ என்கிற வேறு வகை ஷெர்ரி ஆகிவிடும்.

பெட்ரோ ஹிமெனெஸ் என்பது திராட்சையின் பெயரும்கூட. பறித்த குலைகளைப் பாயில் பரப்பி ஒரு வாரம், இரண்டு வாரம் வெயிலில் வாட்டுவார்கள். பிழிந்த சாறு நொதிக்கத் தொடங்கியதுமே ஆல்கஹால் விட்டு நிறுத்திவிடுவதால் சர்க்கரை அப்படியே தங்கிவிடும். லிட்டருக்குக் குறைந்தது 212 கிராம். இந்தத் திராட்சை பெரும்பாலும் கோர்தோபா பக்கம் மொந்தீயா-மொரீலெஸில் விளைகிறது.

தருமபுரி கேட்டரிங்:
ஃபினோவை ரொம்ப நாள் சேர்த்து வைக்காதீங்க. பாட்டிலில் அடைக்கும்போது ஃப்ளோரை வடிகட்டிவிடுகிறார்கள், அதனால் காற்றையும் சூட்டையும் தாங்காது. திறக்காததும் ஃப்ரிட்ஜில், நிமிர்த்தி. திறந்தால் ஒரு வாரத்துக்குள் முடிக்கணும். பாதி மீதமானால் கழுத்துவரை நிரம்புகிற சின்ன பாட்டிலுக்கு மாற்றுங்க. நிறம் கறுத்து, வெட்டிவைத்த ஆப்பிள் வாடை அடித்தால் சமையலுக்குத்தான். மற்றது பீப்பாயிலேயே பல வருஷம் காற்றுபட்டது. திறந்தும் ஓரிரு மாதம் தாராளமாகத் தாங்கும். அலமாரி போதும், ஆனால் சித்திரை வெயிலில் அதையும் ஃப்ரிட்ஜில் வைப்பதே நல்லது. அடியில் வண்டல் தெரிந்தால் பயம் வேண்டாம்.

ஒகேனக்கல் மீன் வறுவலுக்கு ஃபினோ அருமை, 8 டிகிரிக்குக் குளிரவைத்து. மிளகாய்த்தூளை மட்டும் குறைக்கணும், 15 சதவீத ஆல்கஹாலோடு காரம் சேர்ந்தால் தொண்டை எரியும்.

பர்கூர்க்காரன்:
நன்றிண்ணே. கருப்பு பாட்டிலை மாம்பழத்தோடு வைக்கலாமா?

தருமபுரி கேட்டரிங்:
வேண்டாம், பழத்தின் புளிப்பும் மணமும் அதில் அமுங்கிவிடும். வெனிலா ஐஸ்க்ரீம் ஒரு கரண்டிக்கு மேல் ஒரு மேசைக்கரண்டி ஊற்றுங்க.