புரட்டாசியில் அடங்கிய பாசி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்து மூன்று ஊர்களிலிருந்து, கடல்தண்ணி மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் எழுதியவை.

சாட்ஸ்வொர்த்திலிருந்து:

என்னுடையது 200 லிட்டர் கடல்தண்ணி டேங்க். ஒரு ஜோடி கோமாளி மீன், பிளெனி என்ற சிறு மீன் ஒன்று, கொஞ்சம் மென்பவளம். போன ஆகஸ்டில் பாறை முழுக்கப் பச்சை முடி மாதிரிப் பாசி முளைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பல் பிரஷ்ஷால் தேய்ப்பேன். புதன்கிழமை பழைய கோலம். பாசிக்கு உணவாகும் பாஸ்பேட், டெஸ்ட் கிட்டில் பூஜ்ஜியம் என்றே காட்டும். தண்ணீரில் கலந்ததைப் பாசி உடனுக்குடன் தின்றுவிட்டால் கிட்டுக்கு எங்கே மிஞ்சும்? அது அப்போது எனக்குப் புரியவில்லை.

செப்டம்பரில் புரட்டாசி வந்தது. எங்கள் வீட்டில் அந்த மாதம் கவிச்சி வாசலே தாண்டாது. அம்மா ஃப்ரீசரைத் திறந்தார். மீனுக்கு வைத்திருந்த இறால் கட்டி! "மீன் விரதம் இருக்காதும்மா" என்றேன். அவர் பார்த்த பார்வையில் கட்டி பக்கத்து வீட்டு ஃப்ரீசருக்குக் குடிபோனது.

தினமும் போய்க் கதவைத் தட்டக் கூச்சம். வாரம் மூன்று நாள்தான் போவேன், மற்ற நாள் ஒரு சிட்டிகை உலர்தீனி. அந்த வீட்டு அக்கா, சமையல் இறால் மாதிரியே சல்லடையில் போட்டு அலசித்தான் கையில் தருவார். நானோ அதுவரை தினம் இரண்டு கட்டி, உருகிய தண்ணீரோடு அப்படியே ஊற்றிக்கொண்டிருந்தேன். பாசிக்கு உரமே அந்த அதிகத் தீனியும் தண்ணீரும்தான்!

மூன்றாம் வாரம் முடி வளர்வது நின்றது. கையால் இழுத்தால் கொத்தாக வந்தது. மிச்சத்தைப் பாசி தின்னும் டர்போ நத்தைகள் பார்த்துக்கொண்டன. (விளக்கையும் பத்து மணி நேரத்திலிருந்து ஏழாகக் குறைத்திருந்தேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.) தீபாவளிக்கு மறுபடி ஊதா நிறப் பாறை தெரிந்தது.

டொங்காட்டிலிருந்து:

எனக்கு வந்தது சிவப்பு. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு மாதக்கணக்கில் எங்கள் குழாயில் தண்ணீர் இல்லை. அழுத்தம் இல்லாமல் ஆர்ஓ (தண்ணீரைச் சுத்திகரிக்கும் கருவி) ஓடாது. வேறு வழியில்லாமல் லாரித் தண்ணீரில் உப்பு கலந்தேன். முதலில் மணல் பழுப்பானது, பிறகு சிவப்பு ஆடை படர்ந்தது. அது பாசியே இல்லையாம், சயனோபாக்டீரியா. லோட்ஷெடிங் மின்வெட்டில் பம்ப் நின்று நின்று, ஓட்டம் இல்லாத மூலையில்தான் முதலில் பிடித்தது. மெல்லிய குழாயால் தினமும் உறிஞ்சி எடுத்தேன், பம்ப்புக்கு பேட்டரி வைத்தேன். ஆர்ஓ திரும்பி, அதன் தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் பூஜ்ஜியம் காட்டிய பிறகுதான் முழுசாகப் போனது.

பீனிக்ஸிலிருந்து:

சாட்ஸ்வொர்த் அண்ணா, பாசியைப் பட்டினி போடுகிறேன் என்று என்னைப் போல எல்லை மீறாதீர்கள். பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்புத் துகளை அள்ளிப் போட்டேன். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இரண்டுமே பூஜ்ஜியம். பச்சை போனது, டைனோ (டைனோஃபிளாஜெலேட் என்ற நுண்ணுயிர்) வந்தது: குமிழி கோத்த பழுப்புச் சளி. அதைத் தின்ற நத்தைகள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தன. இப்போது பாஸ்பேட்டை லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் அளவில் வைத்திருக்கிறேன், தீனியும் கூட்டிவிட்டேன்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து:

சரி தம்பி. இறால் கட்டி இன்னும் அக்கா வீட்டில்தான் இருக்கிறது. திருப்பி வாங்க மனசு வரவில்லை.