புதுப்பிப்பு: இரட்டை வெபர் 40 டி.சி.ஓ.இ. கார்புரேட்டர், மூன்றாம் சிலிண்டர் இருமல் நின்றது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. என் கிட் காரில் (பாகங்களாக வாங்கி நாமே பூட்டும் கார்) போர்டு கென்ட் 1600 எஞ்சின். ஐடிலில் (ஆக்சிலரேட்டரைத் தொடாமல் எஞ்சின் மெதுவாக ஓடும்போது) மூன்றாம் சிலிண்டர் பக்கம் கார்புரேட்டர் (காற்றில் பெட்ரோலைக் கலக்கும் கருவி) வழியாக 'டப் டப்' என்று இருமுகிறது என்று கேட்டிருந்தேன்.

முதலில் இக்னிஷன் டைமிங் (ஸ்பார்க் பிளக் பொறி விடும் நேரம்) பார்த்தேன், சரியாகவே இருந்தது. ஐடில் ஜெட்டை (ஐடிலில் பெட்ரோல் வரும் சிறு துளைப் பாகம்) மாற்றச் சொன்னதைத் தள்ளிவைத்தேன். நல்லவேளை! கார்புரேட்டர் மேனிபோல்டோடு (எஞ்சினுக்குக் கலவை போகும் குழாய்) சேரும் இணைப்பில் கார்புரேட்டர் கிளீனர் அடித்துப் பார்க்கச் சொன்னாரே ஒருவர், அதுதான் கைகொடுத்தது. (எஞ்சின் சூடாவதற்கு முன் அடியுங்கள், சூடான எஞ்சினில் அடித்தால் தீப்பிடிக்கலாம்.) மூன்றாவது இணைப்பில் அடித்ததும் எஞ்சின் வேகம் மாறியது, அதாவது அங்கே காற்று கசிகிறது. கழற்றினால் ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) நசுங்கிக் கிடக்கிறது. குற்றவாளி நான்தான்: கார்புரேட்டரைப் பிடிக்கும் நட்டுகளை அளவுக்கு மீறி இறுக்கித் தள்ளியிருந்தேன். அங்கே இருக்கும் ஸ்பிரிங் வாஷரின் சுருள்களுக்கு நடுவே சுமார் 1 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். கார்புரேட்டர் லேசாக அசையவேண்டும்.

புது ஓ-ரிங் போட்டபின் காற்றோட்ட மீட்டர் வைத்து இரண்டு கார்புரேட்டரையும் சமன் செய்தேன். மிக்ஸ்சர் ஸ்க்ரூவை (ஐடில் கலவையைச் சரிசெய்யும் திருகு) கடைசியில்தான் தொட்டேன்.

எதிர்பாராத ஒன்று: பெட்ரோல் பம்ப் அழுத்தம் 5 பி.எஸ்.ஐ. (அழுத்த அளவு) காட்டியது, இந்த கார்புரேட்டருக்கு அது அதிகம். ரெகுலேட்டரில் 3-க்குக் குறைத்ததும், வண்டியை நிறுத்தியபின் வந்த பெட்ரோல் வாடையும் போய்விட்டது. ஜெட் எதையும் மாற்றவில்லை.