புதுப்பிப்பு: சி++ இல் பேஸ் டெம்ப்ளேட்டின் மெம்பரை ஜிசிசி கம்பைலர் காணாத சிக்கல் தீர்ந்தது

முன்பு கேட்டது: ‘ஸ்டாக்<டி>’ கிளாஸ் ‘பேஸ்<டி>’யிலிருந்து வருகிறது. பேஸில் இருக்கும் ‘கவுன்ட்’ இந்த ஸ்கோப்பில் அறிவிக்கப்படவில்லை என்கிறது ஜிசிசி. விஷுவல் ஸ்டுடியோவில் அதே கோடு கம்பைல் ஆகிறது.

காரணம், இரண்டு கட்டத் தேடல்: டெம்ப்ளேட்டைப் படிக்கும்போது ஒருமுறை, ‘டி’ தெரிந்தபின் ஒருமுறை எனக் கம்பைலர் பெயர்களைத் தேடும். டெம்ப்ளேட்டை முதலில் படிக்கும்போது ‘டி’ எந்த டைப் என்று தெரியாது. பேஸை யாராவது பின்னால் ஸ்பெஷலைஸ் செய்து (ஒரு டைப்புக்கு மட்டும் தனி வடிவம் எழுதி) ‘கவுன்ட்’டையே விட்டிருக்கலாம். அதனால் வெறும் பெயரைக் கம்பைலர் பேஸுக்குள் தேடாது. ‘திஸ்->கவுன்ட்’ என்று எழுதினால் தேடல் இன்ஸ்டன்ஷியேஷன் வரை, அதாவது ‘டி’க்கு நிஜ டைப் கிடைக்கும் வரை, தள்ளிப்போகும். பல இடங்களில் வருகிறதா? கிளாஸுக்குள் ஒருமுறை ‘யூசிங் பேஸ்<டி>::கவுன்ட்;’ போதும். எடுப்பது டைப் என்றால் ‘திஸ்’ உதவாது. ‘டைப்நேம் பேஸ்<டி>::வேல்யூ’ என்றே எழுத வேண்டும்.

சில பிழைகளை எச்சரிக்கையாகத் தளர்த்தும் ஜிசிசியின் ‘-எஃப்பெர்மிசிவ்’ ஆப்ஷன் பக்கம் போகாதீர்கள், டேட்டா மெம்பருக்கு அது பலிக்காது. விஷுவல் ஸ்டுடியோவில் சி++ விதிகளைக் கறாராகப் பார்க்க வைக்கும் ‘/பெர்மிசிவ்-’ ஆப்ஷனைப் போட்டுப் பாருங்கள், அங்கேயும் இதே பிழை வரும்.