ஏற்காட்டுப் பயணத்துக்கு என் கணவருக்கு எத்தகைய உடை பொருந்தும்?

அம்மாப்பேட்டை வாசகி:

வணக்கம். எனக்கும் என் கணவருக்கும் மோட்டார் சைக்கிள் என்றால் உயிர். திருமணமான புதிதில் அவருடைய புல்லட்டில் பின்னால் அமர்ந்து போன நான், பிறகு அவரிடமே ஓட்டக் கற்றுக்கொண்டேன். இப்போது மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளாவது விடிவதற்குள் கிளம்பி, அடிவாரம் வரை நானும் அதற்கு மேல் உள்ள இருபது கொண்டை ஊசி வளைவுகளை அவருமாக ஓட்டிக்கொண்டு ஏற்காடு போய் வருகிறோம்.

அவரிடம் அலுவலக உடையைத் தவிர வேறு உடையே இல்லை என்பதுதான் என் கவலை. பாலியஸ்டர் கலந்த பேண்ட்டும் மெல்லிய முழுக்கைச் சட்டையுமாகவே மலைக்கும் வருகிறார். வண்டியில் உட்கார்ந்ததும் பேண்ட் கணுக்காலுக்கு மேலே ஏறிவிடுகிறது. சட்டையின் முதுகுப்புறம் காற்றில் உப்பிப் படபடக்கிறது. போன மாதம் பாதி மலையில் குளிர் தாங்காமல் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, பையிலிருந்த செய்தித்தாளை நான்காக மடித்து நெஞ்சோடு வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். ஏரிக்கரைக் கடையில் காப்பிக்குக் கை நீட்டும்போதெல்லாம் சட்டைக்குள் காகிதம் சரசரத்ததைக் கேட்டு எனக்கு மனம் பொறுக்கவில்லை.

அடுத்த மாதம் எங்கள் 15ஆவது திருமண நாள். அவருக்கு நல்ல உடையாக எடுத்துக் கொடுக்க விரும்புகிறேன். பந்தய வீரர் உடுத்துவது போன்ற கனத்த உடையை அவர் தொடமாட்டார். வண்டியிலும் வசதியாக இருந்து, இறங்கி நான்கு பேர் நடுவே சாப்பிட உட்கார்ந்தாலும் இயல்பாகத் தோன்ற வேண்டும். அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

சீலநாயக்கன்பட்டி தையல்காரர்:

சகோதரி, முதலில் அளவைச் சரிசெய்யுங்கள். கடைகளில் நிற்க வைத்துத்தான் பேண்ட்டின் நீளத்தைப் பார்க்கிறார்கள். வண்டி ஓட்டுபவரை உட்கார வைத்து, முழங்காலை மடக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். நிற்கும்போது குதிகாலில் சற்று மடிந்து விழும் நீளம்தான் உட்காரும்போது கணுக்காலை மூடும். இடுப்பின் பின்பக்கம் முன்பக்கத்தைவிட உயரமாக இருந்தால் முதுகு தெரியாது.

துணியில் ஜீன்ஸுக்கு உரிய டெனிம்தான் என் தேர்வு. நீளவாக்கில் ஓடும் நீலச் சாயமேற்றிய பாவு நூலையும் குறுக்கே ஓடும் சாயமேற்றாத வெள்ளை ஊடையையும் சாய்வரி விழும்படி நெருக்கி நெய்வதால் அது உழைக்கிறது. 12 அவுன்ஸ் டெனிம் என்றால் சதுர கெஜத்துக்கு 12 அவுன்ஸ் எடை, அதாவது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 400 கிராம் இருக்கும். நம் ஊர் வெயிலுக்கு அதுவே போதும். ஜீன்ஸின் பை முனைகளை உலோக ரிவெட்டால் இறுக்கும் முறைக்கு 1873இல் ஜேக்கப் டேவிஸும் லீவை ஸ்ட்ராஸும் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார்கள். சுமை தாங்கும் உழைப்பாளிக்கு உதவிய அந்த ரிவெட் பெட்ரோல் டேங்க்கின் பெயின்ட்டைக் கீறிவிடும் என்பதால், அது வெளியே துருத்தாத ஜீன்ஸாகப் பார்த்து வாங்குங்கள்.

மேலுக்குத் திருப்பூர்ப் பருத்தி டி-ஷர்ட்டும், அதன்மேல் கனத்த துணியில் தைத்த சட்டையும் போதும். காலரின் நுனிகளுக்குப் பொத்தான் இருந்தால் காற்றில் கழுத்தை அறையாது.

ஏற்காட்டுக்காரர்:

தையல்காரர் ஐயா சொன்ன சட்டை இறங்கிய பிறகு அழகாக இருக்கும். ஆனால் ஓடும் வண்டியில் குளிரைத் தடுக்காது. சேலம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும் ஏற்காடு 1,500 மீட்டருக்குச் சற்று மேலும் இருக்கின்றன. ஆயிரம் மீட்டருக்கு ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்று கொண்டால், மேலே வரும்போது எட்டு டிகிரி போய்விடும். அதோடு எதிர்க்காற்றும் சேரும். மூடுபனியில் பருத்தி நனைந்தால் உடம்போடு ஒட்டிக்கொண்டு சூட்டை உறிஞ்சும். உங்கள் கணவர் செய்தித்தாள் வைத்தது சரியான யோசனைதான். அது காற்றைத் தடுத்தது. அதே வேலையைச் செய்யும் மெல்லிய ஜெர்கின் ஒன்றை, மடித்தால் பைக்குள் அடங்கும்படி பார்த்து வாங்கி, அடிவாரத்திலேயே போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். உடம்பு சில்லிட்ட பிறகு போட்டுப் பயனில்லை.

விழுந்து எழுந்தவன்:

அழகையும் குளிரையும் பேசிவிட்டீர்கள். விழுவதைப் பற்றி யாரும் பேசவில்லையே என்றுதான் எழுதுகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் இறங்கும் வழியில், ஈரச் சருகில் சக்கரம் வழுக்கி, முப்பது கிலோமீட்டர் வேகம்கூட இல்லாத நிலையில் விழுந்தேன். நான் அணிந்திருந்த பாலியஸ்டர் டிராக் பேண்ட் தார்ச்சாலையில் உராய்ந்த சூட்டில் உருகி முழங்கால் தோலோடு ஒட்டிக்கொண்டது. மருத்துவமனையில் அதைப் பிரித்தெடுத்த வலியை இன்றும் மறக்க முடியவில்லை.

பருத்தி உருகாது என்றாலும், சாதாரண ஜீன்ஸ் தரையில் சறுக்கும்போது விரைவில் கிழிந்துவிடும். பார்வைக்குச் சாதாரண ஜீன்ஸ் போலவே இருந்து, உள்ளே உராய்வைத் தாங்கும் அராமிட் என்ற செயற்கை இழை வைத்து, முழங்காலுக்கும் இடுப்புக்கும் காப்புத் தகடு செருகும் பைகளோடு தைத்தவை கிடைக்கின்றன. உடையில் ஈஎன் 17092 என்ற ஐரோப்பியத் தர எண்ணையும், தகட்டில் ஈஎன் 1621 என்பதையும் தேடுங்கள். உணவகத்தில் தகட்டை உருவிப் பையில் வைத்துவிடலாம். கணுக்காலை மூடும் ஷூவும் கையுறையும் கட்டாயம் வேண்டும். அம்மா, இவையெல்லாம் உங்களுக்கும் சேர்த்துத்தான். அடிவாரம் வரை ஓட்டுவது நீங்கள்தானே? துப்பட்டாவோடு வண்டியில் ஏறவே ஏறாதீர்கள், சங்கிலியிலோ சக்கரத்திலோ சிக்கினால் கழுத்துக்கு ஆபத்து.

அம்மாப்பேட்டை வாசகி:

அனைவருக்கும் நன்றி. பரிசை மறைத்து வைக்க முடியவில்லை. பதில்களை அவரிடமே படித்துக் காட்டினேன். கடைசிப் பதிலைக் கேட்டதும், தனக்கு மட்டும் வாங்கினால் வேண்டாம், இருவருக்கும் என்றால் சரி என்று சொல்லிவிட்டார். அதனால் காப்புத் தகடு வைத்த ஜீன்ஸும் ஜெர்கினும் ஆளுக்கு ஒன்று வாங்குவதாகவும், கனத்த சட்டையை அவருக்கு மட்டும் தைப்பதாகவும் முடிவு செய்திருக்கிறோம். நேற்று மாலை வாசலில் நின்ற வண்டியில் அவரை உட்கார வைத்து, கால்களை ஃபுட்ரெஸ்ட்டில் வைக்கச் சொல்லி நானே டேப் பிடித்து அளந்தேன். இத்தனை ஆண்டுகளாக அவர் உடுத்தி வந்த பேண்ட் இரண்டரை அங்குலம் குட்டை.